எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டு

"உனக்குப் பெருக்கத் தெரியுமா?"

கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னைக் கேட்டது இது. அப்போது நான் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி," என்றேன். "பத்தொம்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும்."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் சின்ன மேசை போட்டுக் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் முகம்மது ரபீக் பாய், கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸ் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னால் பதினேழில் தடுமாறக் கூடாதே என்று உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த வாரியலை முதலாளி விரலால் காட்டிய பிறகுதான் காது சூடாயிற்று.

எங்கள் இலத்தூரில் துடைப்பத்தை எடுத்தால் வாசலைத் தூத்துவோம். யாரும் பெருக்க மாட்டோம். பெருக்குவது பள்ளிக்கூடத்தில், கணக்குப் பாடத்தில் மட்டும்தான். முதலாளி நாறும்பூநாதன் தென்காசிக்காரர்தான், ஆனால் இளவயதில் பத்து வருஷம் சென்னையில் ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தவர். வேலை சொல்லும்போது அவருக்கு அந்த ஊர்ச் சொல் வந்துவிடும்.

அன்றிலிருந்து எனக்குக் கடையில் பெயர் 'வாய்ப்பாடு'. வேல்விழி என்ற பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருந்தது. நானும் அன்றைக்குப் பேசியதோடு சரி. பள்ளிக்கூடத்திலேயே விடை தெரிந்தாலும் எழுந்து சொல்ல வாய் வராதவள். அப்பாவின் காலில் மூட்டை விழுந்த வருஷம், பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது, இனி யாரும் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கடையில் இரண்டு வருஷம் தலையை ஆட்டியே ஓட்டினேன்.

கடை தென்காசியில் குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிதான் வியாபாரம். ஆனால் ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் முதலாளி கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து பைனாக்குலர்களை வரிசையாக நிறுத்திவிடுவார். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியையும் குரங்கையும் பார்க்க வாங்குவார்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு எண் இருக்கும், நடுவில் ஒரு பெருக்கல் குறி. பத்து, இருபத்தைந்து. இருபது, ஐம்பது. எட்டு, நாற்பத்திரண்டு. முதலாளி அதைப் பெருக்கித்தான் விற்பார்.

"இது டென் இன்ட்டு ட்வென்ட்டிஃபைவ், சார். இருநூத்தம்பது பவர். இது பாருங்க, ட்வென்ட்டி இன்ட்டு ஃபிஃப்டி. ஆயிரம் பவர். மெயின் அருவியில குளிக்கவன் கையில இருக்க சோப்புல என்ன பேரு போட்டிருக்குன்னு படிக்கலாம்."

ஆயிரம் என்று கேட்டதும் வந்தவர் முகம் மாறும். முதலாளி ஏமாற்றுகிறவர் இல்லை. அந்த எண்ணைப் பெருக்கத்தான் வேண்டும் என்று அவரே நம்பினார். சென்னையில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெருக்கல் குறி போட்டிருந்தால் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்.

சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்து வைப்பது என் வேலை. நாள் முழுக்கப் பத்துப் பேர் மூக்கும் விரலும் பட்டிருக்கும். துடைத்தது சரியா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகப் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் வைப்பேன். பின்னால் ஒரு வெறும் மனை. முப்பது நாற்பது எட்டு வைக்கிற தூரத்தில் ஒரு புளியமரம். அதற்கும் அப்பால் ரைஸ்மில்லின் பின்சுவர். சுவரில் பெரிய எழுத்தில் 'இங்கு நெல் அவித்து அரைத்துத் தரப்படும்' என்று இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக போன் நம்பர். அதற்கும் கீழே, எழுதிய ஆர்ட்டிஸ்ட் குத்தாலிங்கத்தின் பெயர், இன்னும் சின்னதாக.

ஆடி மாசத்துச் சாயங்காலம் மேகம் மூடினால் ஆறு மணிக்கே மங்கிவிடும். ஒருநாள் இப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆயிரம் பவரில் குத்தாலிங்கம் காணாமல் போனார். கண்ணாடியில் ஈரம் என்று நினைத்து மறுபடி துடைத்தேன். வரவில்லை. பக்கத்தில் இருந்த எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டை எடுத்தேன். பறவை பார்க்கிற ஒரு சார் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனது அது. முந்நூற்று முப்பத்தாறு பவர்தான் என்பதால் இரண்டு சீசனாக யாரும் தொடவில்லை. அதில் குத்தாலிங்கம் சின்னதாக, ஆனால் தெளிவாக நின்றார். போன் நம்பரில் ஏழா ஒன்றா என்ற சந்தேகம்கூட இல்லை.

ரத்தான பில் புத்தகங்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மனசில் பட்டதையெல்லாம் எழுதி வைக்க அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். அன்றைக்கு ஒன்றைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, எந்தப் பைனாக்குலரில் எத்தனை மணிக்கு எந்த வரி அணைகிறது என்று எழுதத் தொடங்கினேன். ஒரு மாசம் எழுதினேன். ஆயிரம் பவரும் இருநூற்றைம்பது பவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அணைந்தன. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஒன்று கைக்குள் அடங்குவது, இன்னொன்று இரண்டு தேங்காயைச் சேர்த்துக் கட்டியது போல இருப்பது. இரண்டுக்கும் என்ன உறவு?

பைனாக்குலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், நாம் கண் வைக்கிற கண்ணாடியில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். மூக்குக்கண்ணாடி போட வருகிறவர்களுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி அளக்கிற மில்லிமீட்டர் ஸ்கேல் கடையில் உண்டு. அதை வைத்து வட்டத்தை அளந்தேன். இருபது இன்ட்டு ஐம்பதில் இரண்டரை. பத்து இன்ட்டு இருபத்தைந்திலும் இரண்டரை. எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டில் ஐந்தும் கொஞ்சமும்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஐம்பதை இருபதால் வகுத்தேன். இரண்டரை. நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தேன். ஐந்தேகால். எழுந்து நின்றுவிட்டேன். வெளிச்சம் கண்ணுக்குள் வருகிற வாசல் அந்த வட்டம்தான். வாசல் எவ்வளவு பெரிது என்று அந்த இரண்டு எண்ணும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. நாங்கள்தான் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணி பிறந்து சில நாளில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கிருபாவதி அக்கா கடைக்கு வந்தாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் வெங்காயமும் கமிஷனுக்கு விற்கிறவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குடையை மடக்கி உதறிய வேகத்தில் ரபீக் பாயின் மேசைமேல் தண்ணீர் தெறித்தது.

"அண்ணாச்சி, ஒரு பைனாக்குலர் வேணும். எம்மவ பெர்சிசுக்கு. ஞாயித்துக்கெழம அவ நியூசிலாந்துக்குத் திரும்பிப் போறா."

"நம்ம பெர்சிசா? ஆறாங் கிளாசுல நான்தான அதுக்கு மொதக் கண்ணாடி போட்டேன்," என்றார் முதலாளி. "அங்க கடல் பாக்கதுக்காக்கும்?"

"மான் பாக்கதுக்கு."

"ஜூவுலயா?"

"காட்டுல. வில்லு வச்சு மான் அடிக்கா எம்மவ."

ரபீக் பாய் நிமிர்ந்தார். "என்னக்கா சொல்லுதிய? இங்கன குத்தாலத்து மலையில ஒரு மான உத்துப் பாத்தாலே ஃபாரஸ்ட்காரன் பேரெழுதிட்டுப் போயிருவான்."

"அது இங்க, பாய். அங்க மான் பெருகிப் போயி காட்டையே தின்னு தீக்குதாம். கவர்மெண்டே பெர்மிட் குடுத்து அடிச்சுக்கோங்குது. ஆஸ்பத்திரியில நர்சு வேல பாத்துக்கிட்டே மூணு வருசம் அம்பு விட்டுப் பழகியிருக்கா. போன மார்ச்சு மாசம் ஒண்ணு அடிச்சா. ஒத்த அம்பு." ஆள்காட்டி விரலை எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் காட்டினாள். "ஒத்த அம்பு. மாப்பிள துப்பாக்கி வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா ஒண்ணும் அடிக்கல்ல. அவுகளப் பத்தி நான் என்னத்தச் சொல்ல."

போனை எடுத்துப் படம் காட்டினாள். இலை நிறச் சட்டை, கண்ணாடி, கையில் சக்கரம் வைத்த வில். பெர்சிஸ் சிரிக்காமல் நின்றாள். கழுத்தில் ஒரு பெரிய பைனாக்குலர் தொங்கியது.

"அதான் கழுத்துல ஒண்ணு இருக்கே?" என்றார் ரபீக் பாய்.

"அது மாப்பிளையோடது. அம்மிக்கல்லு மாதிரி கனக்குங்கா. விடியுமுன்ன போயி மரத்தடியில குத்தவச்சிருப்பாளாம். துப்பாக்கின்னா எட்ட நின்னு சுட்டுரலாம். வில்லுக்கு முப்பது எட்டுக்குள்ள மான் வரணும். அதுவர ஒரு கையில வில்லு, மத்தக் கையில பைனாக்குலரு. எல மறவுல நிக்கது கெடாவா, பொட்டையா, கூடக் குட்டி கெடக்கான்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டுதான் அம்பத் தொடணும். குட்டியோட நிக்கதத் தொட மாட்டா எம்மவ."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, போன தடவ ஒரு மழக்கோட்டு வாங்கிக் குடுத்தேன். 'நல்லாருக்கும்மா'ன்னு வாங்கிக்கிட்டா. போயி ரெண்டு மாசங் கழிச்சு ஒரு போட்டோ அனுப்புதா, மழையில நிக்கா, வேற கோட்டு. நான் குடுத்தது மொத மழையிலயே கிழிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லல்ல. நான் எதக் குடுத்தாலும் அவ நல்லாருக்கும்மான்னுதான் சொல்லுவா. இந்தத் தடவ நான் குடுக்கது அவ கழுத்துல கெடக்கணும். பரண்ல கெடக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"கழுத்துலயே கெடக்கும்," என்றார் முதலாளி. ஆயிரம் பவரை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ட்வென்ட்டி இன்ட்டு ஃபிஃப்டி. இதுக்கு மேல நம்மகிட்ட இல்ல. தென்காசியிலயே இல்ல."

கிருபாவதி அக்கா சும்மா வாங்குகிறவள் இல்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுக்கச் சொல்லி, எண்ணைப் படித்து, உதடு அசையாமல் பெருக்கினாள். மூட்டைக் கணக்கு மனசிலேயே போட்டுப் பழகியவள்.

"இது முந்நூத்தம்பது. இது நானூத்தியிருவது. இது முந்நூத்தி முப்பத்தாறு. இது எதுக்கு இங்க கெடக்கு? ஆயிரம் எங்க, முந்நூத்திச் சொச்சம் எங்க." இருபது இன்ட்டு ஐம்பதின்மேல் கையை வைத்தாள். "இதையே கட்டுங்க. நல்ல பேப்பரு சுத்தி. பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கப் போறேன். அங்க போயி, காட்டுல வச்சுப் பிரிக்கட்டும். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நல்லாருக்கும்மான்னு சொல்லக் கூடாது."

முதலாளி பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஏட்டி வாய்ப்பாடு, கட்டு."

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பூப்போட்ட தாளையும் எடுத்தேன். கத்தரி கையில் இருந்தது. விடியாத காட்டில் ஒருத்தி உட்கார்ந்து இந்தத் தாளைப் பிரிப்பதும், கண்ணில் வைப்பதும், புளியமரத்தடி மாதிரி எல்லாம் கறுப்பாகத் தெரிவதும் எனக்குத் தெரிந்தது. அவள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அம்மாவுக்கு போன் செய்து, நல்லாருக்கும்மா என்பாள்.

"வகுக்கணும்," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கிருபாவதி அக்காவுக்குக் கேட்டது. மார்க்கெட் இரைச்சலில் ஏலம் கேட்கிற காது.

"என்னட்டி?"

"பெருக்கக் கூடாதுக்கா. வகுக்கணும்."

முதலாளியின் முகத்தில் வியாபாரச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. "ஏட்டி, நீ பெருக்குத வேலையப் பாரு. வகுக்க வந்துட்டா."

ரபீக் பாய் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தார். கிருபாவதி அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்க அண்ணாச்சி. பிள்ள எதையோ சொல்ல வருது. சொல்லு. எத எதால வகுக்க?"

நிறையப் பேச எனக்கு வராது. பில் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கவும் மனசில்லை. அதில் வேறு விஷயங்களும் எழுதியிருந்தேன். அதனால் இருபது இன்ட்டு ஐம்பதையும் எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டையும் எடுத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து நின்றேன். மணி ஆறு இருபது. குற்றாலத்துத் திரிகூட மலை தெரியவில்லை, மேகம் முழுசாக இறங்கியிருந்தது. புளியமரத்தடியில் யாரோ கட்டிப்போட்ட கறுப்பு ஆடு ஒன்று அசை போட்டுக்கொண்டு கிடந்தது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு இருட்டுத் திட்டு.

"அதான் மானு," என்றேன். "ஒரு கையில குடைய வில்லு மாதிரிப் பிடிச்சுக்கிடுங்கக்கா. மத்தக் கையில இது."

முதலில் ஆயிரம் பவரைக் கொடுத்தேன். கிருபாவதி அக்கா குடையை முன்னால் நீட்டி, ஒரு கையால் அதைத் தூக்கினாள். தக்காளிப் பெட்டி தூக்கிய கைதான். ஆனாலும் ஆடியது.

"எங்கட்டி இருக்கு ஆடு? இங்க ஒண்ணையுங் காணும். மரமா இது? படகுல போற மாதிரில்லா இருக்கு. ஒரே கறுப்பாத் தெரியுது. அசையுதது நானா ஆடான்னு தெரியல்ல."

"கண்ணாடியத் திருகுங்க," என்றார் முதலாளி பின்னாலிருந்து.

"எந்தக் கையால திருக? வில்ல எங்க வைக்க?"

ரபீக் பாய் இப்போது சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல.

எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டைக் கொடுத்தேன். அவள் அதே மாதிரி குடையை நீட்டி, மரத்தடியைத் தேடினாள். சாரல் அவள் கையில் விழுந்துகொண்டிருந்தது.

"கெடா இல்ல, பொட்ட," என்றாள் மெதுவாக. "எடது காதுல ஒரு கிழிசல் இருக்கு. கழுத்துக் கயிறு பச்ச நைலான். ஏட்டி, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி படுத்திருக்கு."

எனக்கே அது தெரியாது. முதலாளி முன்னால் வந்து பைனாக்குலரை வாங்கிப் பார்த்தார். பிறகு ஆயிரம் பவரை வாங்கிப் பார்த்தார். மறுபடி அதை. மறுபடி இதை. குட்டியைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன்.

"நாப்பத்திரண்ட எட்டால வகுத்தா அஞ்சேகால்," என்று நான் கிருபாவதி அக்காவிடம் சொன்னேன். அவள் பக்கம் பார்த்துச் சொல்வது எளிதாக இருந்தது. "அம்பத இருவதால வகுத்தா ரெண்டர. அவ்வளவுதாங்க்கா வெளிச்சம் உள்ள வரும். தூரத்துக்கு மொத எண்ணப் பாக்கணும். இருட்டுக்கு வகுத்து வந்த எண்ணப் பாக்கணும்."

கிருபாவதி அக்கா திரும்பி அலமாரியைப் பார்த்தாள். வியாபாரி மூளை ஓடுவது தெரிந்தது.

"அப்ப அந்த ஏழுக்கு அம்பது? அதுல ஏழு வருதுல்லா. இன்னும் நல்லதா இருக்கணுமே?"

இரண்டு வருஷத்தில் என்னை ஒருவர் கேட்ட நல்ல கேள்வி இதுதான்.

"இருட்டுக்கு நல்லதுதாங்க்கா. ஆனா கனம். மாப்பிளையோடது மாதிரி ஆயிரும். ஒத்தக் கையில நிக்காது." எட்டு இன்ட்டு நாற்பத்திரண்டை வாங்கி, கண் வைக்கிற இடத்தில் இருந்த ரப்பர் வளையத்தை மடித்துக் காட்டினேன். "இதுல இன்னொண்ணு. இப்பிடி மடக்குனா கண்ணாடி போட்டுக்கிட்டே பாக்கலாம். அவுக கண்ணாடியக் கழத்த வேண்டாம்."

"நீ எதுவர படிச்ச?"

"பத்து. முடிக்கல்ல."

"முடிச்சிருந்தா எங்கயாவது போயிருப்ப. முடிக்காததுனால எனக்குக் கெடச்ச," என்றாள் கிருபாவதி அக்கா. "இதக் கட்டு."

கட்டினேன். கடை சாத்தும்போது முதலாளி ஆயிரம் பவரை நடுத்தட்டிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெர்சிஸ் வந்தாள். படத்தில் பார்த்த அதே முகம், அதே கண்ணாடி. கையில் நான் சுற்றிய பூப்போட்ட தாள் பிரிக்காமல் இருந்தது.

"அண்ணாச்சி, சுகமா இருக்கியளா?" என்றாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "தப்பா நினைக்காதிய. இத நீங்களே வச்சுக்கிடுங்க. பணம் திருப்பித் தர வேண்டாம். அம்மாட்ட மட்டும் சொல்லிராதிய."

"ஏம்மா? பிரிச்சுக்கூடப் பாக்கலியே."

"பிரிக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கா. குலுக்குனா பைனாக்குலருன்னு தெரியுதுல்லா. உங்க கடைத் தாளு வேற. சின்னப் பிள்ளையில எத்தன தடவ இங்க வந்து ஆயிரம் பவர்ல பாத்திருக்கேன். அதத்தான குடுத்திருப்பிய." சிரித்தாள், அன்பாகத்தான். "அண்ணாச்சி, அது அருவி பாக்க நல்லா இருக்கும். எனக்கு இருட்டோட போயி உக்காரணும். அங்க அத வச்சு ஒண்ணுஞ் செய்ய முடியாது. சுமந்துட்டுப் போயி பரண்ல போடுததுக்கு இங்கயே இருக்கட்டும். அம்மா கேட்டா நல்லாருக்குன்னு சொல்லிக்கிடுதேன்."

முதலாளி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போனார் என்று எனக்குத் தெரியாது. என் கை அதற்குள் பொட்டலத்தை எடுத்துவிட்டது. ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கீறினேன்.

"ஐயோ, பிரிக்காத," என்றாள் பெர்சிஸ்.

சத்தியம் செய்தவள் அவள். நான் செய்யவில்லை. தாளை எடுத்தேன், பெட்டியைத் திறந்தேன். மெல்லிய துணியால் நான்கு கண்ணாடியையும் துடைத்தேன். ரப்பர் வளையத்தை இரண்டு பக்கமும் மடித்தேன். அவளிடம் நீட்டினேன்.

அவள் அதன்மேல் இருந்த எண்ணைப் படித்தாள்.

"எய்ட் பை ஃபார்ட்டிடூ," என்றாள்.

எங்கள் கடையில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் இன்ட்டு என்போம். பள்ளிக்கூடத்தில் வகுக்கும்போதுதான் 'பை' என்று சொல்வது. எண்கள் தலைகீழாக இருந்தாலும், அவளுக்குத் தெரியாமலே அவள் வாயில் சரியான சொல் இருந்தது.

நான் பின்கதவைத் திறந்தேன். பெர்சிஸ் வாசலில் வந்து நின்றாள். கைப்பையை இடது கையில் முன்னால் நீட்டிப் பிடித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாக வில் பிடிக்கிற இடத்துக்குப் போயிற்று. வலது கையால் பைனாக்குலரைத் தூக்கினாள். கை ஆடவில்லை. மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. புளியமரத்தடியில் ஆடு இன்றைக்கும் கிடந்தது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ரபீக் பாய் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றார். யாரும் ட்யூப்லைட் போடவில்லை.

ரைஸ்மில் சுவர் கறுத்தது. பெரிய எழுத்தும் வெறுங்கண்ணுக்கு மறைந்தது. அவள் இன்னும் இறக்கவில்லை.

"குட்டி பால் குடிக்கு," என்றாள், தனக்குள் சொல்வதுபோல. பிறகு திரும்பாமலே கேட்டாள். "அம்மாவுக்கு இதத் தெரியாது. இத யாரு எடுத்துக் குடுத்தா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். நான் தரையைப் பார்த்தேன். நான் என்று சொல்ல என் வாய் வராது என்பது அவருக்கும் தெரியும். பெருமையை அவரே எடுத்துக்கொண்டாலும் நான் மறுக்கப் போவதில்லை.

"எங்க கடைப் பிள்ள. வேல்விழி," என்றார். "அவ பெருக்க மாட்டா. வகுப்பா."

ரபீக் பாய் சிரிக்கவில்லை. கடையில் என் பெயரை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அது என்னுடையதுதான் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று எனக்கு.

பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம், கொஞ்சம் முன்னால் ஆட்டைப் பார்த்தது போலவே பார்த்தாள். பைனாக்குலரின் வாரைத் தலைவழியாகப் போட்டு, பின்னலை வெளியே எடுத்துவிட்டு, அளவைக் குறைத்துக் கட்டினாள். அது அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வெளியே சாரல் வலுத்திருந்தது. துப்பட்டாவை எடுத்து அதன்மேல் மூடினாள். தலைக்கு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியும் பூப்போட்ட தாளும் மேசைமேல் கிடந்தன. அவற்றை எடுக்காமல், நல்லாருக்கு என்றுகூடச் சொல்லாமல், ரோட்டில் இறங்கி நடந்தாள்.